ஆறரை மணி க்ளிக்

"அண்ணே, தினமும் காலையில ஆறரை மணிக்கு யாரோ உங்க விளம்பரத்தை அமுக்கு அமுக்குன்னு அமுக்குறாங்க. ஒருத்தர்கூட போன் பண்ணல. யாருண்ணே அது?"

அகல்யா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். துலுக்கானம் கிரீஸ் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கோடும் கட்டமுமாக இருந்ததே தவிர ஒன்றும் விளங்கவில்லை.

"அமுக்குற ஒவ்வொரு தடவைக்கும் உங்க காசு போகும்னு முதல் நாளே சொன்னேனில்ல? ஒரு நாளைக்குன்னு நாம வச்ச பணம் ஏழு மணிக்கே தீர்ந்துடுது. அதுக்கப்புறம் நிஜமாவே மோட்டார் எரிஞ்சுபோய்த் தேடுறவங்க கண்ணுல நீங்க படவே மாட்டீங்க."

துலுக்கானத்துக்குப் பூந்தமல்லி மெயின் ரோட்டில் பதினெட்டு வருஷமாக எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை. மெட்ரோ வேலைக்கு வாசலை மறைத்துத் தகரம் அடித்த நாளிலிருந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. இந்த மாசத்துக்குள் வேலை வராவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு, தன்னிடம் தொழில் கற்றுக்கொண்ட இருதயராஜிடமே போய்க் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அகல்யா கரையான்சாவடி அடுக்குமாடியில் இருப்பவள். விளம்பரக் கம்பெனியில் வேலை. அவர்கள் கட்டட மோட்டாரைத் துலுக்கானம் ஒரே நாளில் ஓடவைத்த நன்றிக்கு, கூகுளில் விளம்பரம் எழுதித் தருகிறேன் என்று அவளாகவே வந்தாள். வந்த அன்றைக்கே தகராறு.

"ஸ்ரீ துலுக்கானத்தம்மன் இன்ஜினியரிங் ஒர்க்ஸ்னு முழுசா போடும்மா!"

"உங்க பேரைப் போட்டு யாருண்ணே தேடுவா? தண்ணி வரலேங்கிற தவிப்புலதானே தேடுவாங்க? சரி, பேரைப் போட்டு ஒண்ணு எழுதுறேன், வேற மாதிரி ஒண்ணும் எழுதிப் பார்க்குறேன்."

பேர் வந்தால் சரி என்று தலையாட்டினார். வாசலில் நிற்கவைத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு போனாள்.

"வேற யாரும்மா அமுக்குவான்? அந்த இருதயராஜ்தான்!" இப்போது லேப்டாப்பை முறைத்தபடி துலுக்கானம் பல்லைக் கடித்தார். "எழுந்ததும் மூஞ்சி கழுவுறானோ இல்லியோ, இதே வேலையா கீறான் பாரு!"

"அவரா? எப்படிச் சொல்றீங்க?"

"அவனும்தான் விளம்பரம் போட்டுக்கினு கீறானே. ஒரு தபா தேடினா நம்மளுது வருது, அடுத்த தபா அவன்து வருது. பேர்கூடப் போடல, திருட்டுப்பய. ஆனா எழுத்து கீதே, சும்மா சொல்லக்கூடாதும்மா, அதாம்மா எழுத்து! நீயும் எழுதினியே..."

அகல்யாவின் முகம் சுண்டிப்போயிற்று. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம், அவள் எழுத்தை யாரும் இப்படிச் சொன்னதில்லை. அப்படி என்னத்தை எழுதிவிட்டான் அவன்?

"அதுக்காக நான் இன்னா கேனயனா?" துலுக்கானம் குரலைத் தாழ்த்தினார். "நானும் அவனைச் சும்மா உடலியே! அமுக்கினா போட்டவனுக்குக் காசு போவும்னு நீதானே சொன்ன? ஒரே போன்ல அமுக்கினா மாட்டிக்குவோம்னு, பஸ் ஸ்டாண்டு டீக்கடை தோஸ்துங்க எட்டு பேரு போனையும் வாங்கி அமுக்கிக்கினு கீறேன். இந்த மாசத்தோட அவன் காலி!"

"ஐயோ, அது தப்புண்ணே!" என்றவள், சட்டென்று, "அந்த விளம்பரத்துல என்னதான் எழுதியிருக்கு?" என்றாள்.

துலுக்கானம் மனப்பாடமாக ஒப்பித்தார். "'காலையில குளிக்கத் தண்ணி இல்லையா? மதியத்துக்குள்ள மோட்டார் ஓடும்!'"

அகல்யா லேப்டாப்பில் அந்த ஆறரை மணிக் கட்டத்தை மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

"எத்தனை மணிக்குண்ணே அமுக்குவீங்க?"

"ஆறரைக்கு. டீ வர்றதுக்குள்ள முடிச்சிடுவோம்."

"அமுக்கிட்டு உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது பார்த்தீங்களா?"

"சே! காலங்காத்தால அவன் மூஞ்சில எவன் முழிப்பான்? தொட்டவுடனே வெளிய வந்துடுவோம்."

"இப்ப ஒரே ஒரு தடவை அமுக்குங்க. வெளிய வராதீங்க."

இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டே துலுக்கானம் போனை எடுத்துத் தேடி, எதிராளியின் விளம்பரத்தை ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினார். வட்டம் சுற்றியது. பக்கம் திறந்தது.

தகரத் தடுப்புக்குப் பக்கத்தில், கையில் ஸ்பேனரோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றது சாட்சாத் துலுக்கானமேதான்.