இடது காது

"இது எத்தனையாவது காது அக்கா?"

"முப்பத்திரண்டு" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

'காதக்கா' என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். வகுப்பு முழுக்கப் பரவிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட.

கம்ப்யூட்டரில் ஒரு உருண்டையைக் களிமண் மாதிரி இழுத்து, அழுத்தி, சுரண்டி ஆளுருவம் செய்யும் வகுப்பு அது. நாங்கள் பத்துப் பேர். ஒன்பது பேர் மண்டை, கழுத்து, தோள் என்று இறங்கிக்கொண்டிருக்க, தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் இந்த அக்கா மட்டும் காதுப் பாடத்தோடு நின்றுவிட்டார். அதிலும் இடது காது மட்டும்.

நான் மட்டும் என்ன பெரிசா கிழித்துவிட்டேன்? என் அரக்கன் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தான். ஆனாலும் முழு ஆளாக இருந்தானே.

மாஸ்டருக்குப் பொறுமை கம்மி.

"ஏம்மா, வெறும் காதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? முகம் எங்கே?"

"முகம் இருக்கு மாஸ்டர்."

"எங்கே இருக்கு?"

"வீட்ல."

வகுப்பே சிரித்தது. "யார் காதுல பூ சுத்தறீங்க அக்கா?" என்றேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய முதல் காது யாரோ கடித்துப் போட்ட பிஸ்கட் மாதிரி இருந்தது. இருபதாவதில் மடிப்புக்குள் நிழல் விழ ஆரம்பித்தது. முப்பதுக்கு மேல், காதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தையே சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பின்னாடி யாரு பார்க்கப் போறாங்க?"

"அதுதான் தம்பி முக்கியம்."

இந்த அம்மாவுக்குக் கற்றுக்கொள்ளும் எண்ணமே கிடையாது, பொழுதுபோக வருகிறார் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

கடைசி நாள் வந்தது. முழு உருவம் காட்டினால்தான் அடுத்த வகுப்பில் இடம். வீட்டு ஆட்களும் வரலாம் என்பதால் அறை நிறைந்திருந்தது. அக்காவின் வீட்டுக்காரரும் குல்லாவும் மூக்குக்கண்ணாடியுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

என் உருளைக்கிழங்குக்கே கைத்தட்டல் கிடைத்தது. அப்புறம் அக்கா. திரையில் ஒரே ஒரு காது.

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "அடுத்த வகுப்புல இடம் தர முடியாதும்மா."

"இடம் வேண்டாம் மாஸ்டர். இதுல தப்பு இருக்கான்னு மட்டும் பாருங்க. பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாமே சரின்னுதான் தோணுது."

மாஸ்டர் காதை முன்னால், பின்னால், மேலே, கீழே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்ல. நிஜக் காது தோத்துடும்."

"எனக்காகச் சொல்லலையே?"

"உனக்காகச் சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது? நூத்துக்கு நூறு சரி."

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை. கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

"என்னங்க, மாஸ்டர் சரின்னுட்டார். நாளைக்கே சிலிகான்ல வார்க்கக் கொடுத்துடலாம். வாங்க, பக்கத்துல வெச்சு அளவு மட்டும் இன்னொரு தடவை பார்த்துடறேன்."

அவர் தயங்கித் தயங்கி முன்னால் வந்து குல்லாவைக் கழற்றினார். கண்ணாடியின் வலது காம்பு காதில் மாட்டியிருந்தது. இடது பக்கம் மாட்டிக்கொள்ள எதுவும் இல்லாததால், தலையைச் சுற்றிக் கட்டிய ஒரு கறுப்பு நூல்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.