இணைப்புச் சாலை

“ஜனங்க படற பாட்டப் பாருங்க மேடம்!” என்று நஞ்சப்பன் தன் கைத்தடியைத் தார்ச்சாலையின் விரிசலுக்குள் விட்டார். தடி அரை அடி இறங்கியது. அவர் குரல் அதற்கும் கீழே இறங்கியது.

“புள்ளத்தாச்சிங்க போற வழிங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வுழுந்து எந்திரிக்கிற வழி. பஸ்ஸுகூட ஊருக்குள்ள வர்றதில்ல. திரும்ப எடமில்லைன்னு மெயின் ரோட்டுலயே எறக்கி வுட்டுட்டுப் போயிர்றான். இந்த ஒரு ரோட்ட நம்பித்தான் ஊரே இருக்குது.”

ஒன்றியத்துக்குப் புதிதாக வந்திருந்த பொறியாளர் சோபனா சுற்றுமுற்றும் பார்த்தார். ஊர் தென்படவில்லை. ஒரு முனையில் இரும்புக் கேட், மறுமுனையில் நஞ்சப்பன் வீட்டுப் போர்ட்டிகோ, நடுவே அவருடைய வெள்ளைக் கார்.

நஞ்சப்பன் ஊராட்சித் தலைவராக இருந்தபோது போட்ட சாலை அது. பதிவேட்டில் அதன் பெயர் ‘கிராம இணைப்புச் சாலை’. அவருடைய கேட்டையும் அவருடைய வாசற்படியையும் அது மிகச் சிறப்பாக இணைத்தது.

அடுத்த மாதம் மகள் வெண்மதிக்கு நிச்சயதார்த்தம். ஓசூரில் பெரிய இடம். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு விரிசலில் செருப்பு மாட்டிக்கொண்டது. “ஏனுங்க, இது ரோடா வாய்க்காலா?” என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு நஞ்சப்பனைத் தூங்கவிடவில்லை. அதற்காகக் கைக்காசு போட்டுச் சரிசெய்வதா? அவர் பரம்பரையிலேயே அந்தப் பழக்கம் கிடையாது. அதனால்தான் பொதுமக்கள் சார்பில் மனு.

“இது பொது ரோடுதானுங்களா?” என்று கேட்டார் சோபனா.

“என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க! எம்பேர்ல ஒரு அடி கெடையாது. எல்லாம் ஜனங்க ரோடு. நான் வெறும் வாட்ச்மேன்.”

“அப்ப அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க.”

போட்டார். பச்சை மையில், தேதியோடு.

சோபனா டேப்பை எடுத்துக் கேட்டின் அகலத்தை அளந்தார். போர்ட்டிகோவுக்கு முன்னால் கார் வளைகிற இடத்தை இரண்டு முறை அளந்தார்.

“ரோலர் உள்ள வரணுமில்ல, அதுக்குத்தான்” என்று மனைவி கோவிந்தம்மாளுக்கு விளக்கினார் நஞ்சப்பன். இன்ஜினியர் வேலையெல்லாம் அவருக்கு அத்துப்படி.

மறுவாரம் ஆட்கள் வந்தார்கள். விரிசலின் ஓரங்களை வெட்டி, உள்ளே இருந்த மண்ணை வாரி, ஜல்லியும் தாரும் கலந்து நிரப்பி, மேலே ரோலரை ஓட்டினார்கள். நஞ்சப்பன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “நல்லா அமுக்குங்கடா, ஜனங்க ரோடு!” என்று நாட்டுப்பற்றோடு அதட்டினார்.

நிச்சயதார்த்தத்தன்று சாலை எருமை முதுகாக மின்னியது. மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்க்காமலே, போர்ட்டிகோவுக்கு முன்னால் கார் வளைகிற இடத்தில் போட்டிருந்த பந்தல் வரை நடந்து வந்தார். நஞ்சப்பனுக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

தட்டு மாற்றும் நேரத்தில் கேட்டுப் பக்கம் நீளமாக ஒரு ஹார்ன்.

“நம்ம ஒன்றியச் சேர்மன் வந்துட்டாருங்க!” என்று சம்பந்திக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, தோள் துண்டைச் சரிசெய்தபடி ஓடினார்.

வந்தது பாப்பாரப்பட்டி டவுன் பஸ். முன் கண்ணாடியில் சாமந்தி மாலை, முதல் சீட்டில் சோபனா, மீதி இடமெல்லாம் ஊர் ஜனம். கண்டக்டர் படியில் தொங்கியபடி விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“வாட்ச்மேன் அண்ணா, வண்டி திரும்பணும், பந்தலப் பிரிங்க!”