தாங்காத உடம்பு

பாதி தூரம் தாண்டியதும் தேவி தலையைப் பிடித்துக்கொண்டு தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராஜ்மோகன் வாயிலிருந்த விசிலைத் துப்பிவிட்டு ஓடினார்.

"கண்ணக் கீழ இழுத்துக் காட்டும்மா." காட்டினாள். அவர் கண்ணுக்கு வெளுத்துத்தான் தெரிந்தது. "ரத்தமே இல்ல. காலைல இன்னா துன்ன?"

"இட்லி சார். தலதான் சார் வெடிக்குது. உடம்பு அப்பிடியே அடிச்சிப் போட்டாப்ல இருக்குது."

"ரத்தம்லாம் இருக்குது சார், எல்லாம் வாய்க்கே போயிடுது," என்றான் மணிபாரதி. பையன்கள் சிரித்தார்கள்.

"நீ ஓடுற ஓட்டத்துக்கு எரும உக்காந்து எழுந்து வந்தாக்கூட ஜெயிக்கும்டா," என்றாள் தேவி. சொல்லி முடிப்பதற்குள் வலியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

ராஜ்மோகன் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். கரிக்கலாம்பாக்கத்தில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு, கல் நட்டு, ரோடும் போட்டு, ஒரு வீடுகூட வராமல் கிடக்கிற இடத்தில் போலீஸ் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை.

சாயங்காலம் மட்டும் நடந்த பயிற்சியைத் தேர்வு நெருங்கியதும் முழு நாளாக்கினார். விடியுமுன் வந்தால் பொழுது சாய்ந்துதான் வீடு. பெண்பிள்ளைகள் பாம்புக்கும் பொறுக்கிகளுக்கும் பயப்படாமல் ஓடட்டும் என்று ஜேசிபி வைத்து ஓரத்திலிருந்த கருவேலம்புதரையெல்லாம் வழித்தெடுத்தார். இப்போது நாலு பக்கமும் வெட்டவெளி. எவன் வந்தாலும் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

புதுப் பயிற்சி தொடங்கிய பிறகுதான் இந்தத் தலைவலி. முதலில் ஸ்டெல்லாவுக்கு வந்தது, அப்புறம் சரண்யாவுக்கு. இரண்டு பேரும் "முடியல சார்" என்று தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டு நின்றுகொண்டார்கள். பையன்களில் ஒருவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தேவி மட்டும் நிற்கவில்லை. உறுவையாற்றிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவள். அவள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவளும் அவள்தான்.

"நீயும் ரெஸ்ட் எடேன்மா."

"இந்த வாட்டி விட்டா வயசு தாண்டிடும் சார். அப்பறம் எங்கம்மா பாத்து வச்சிக்கிற மாமா பையன்தான். அவன் குடிச்சிட்டு வாய்க்கால்ல கெடப்பான், நான் போயி தூக்கினு வரணும்."

மறுநாளிலிருந்து அவளுக்கு அவித்த முட்டை, சுண்டல், சத்து மாத்திரை எல்லாம் கொண்டுவந்தார். தலைவலி போகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரே கூட்டிப்போனார்.

"ரத்தம் நல்லாத்தான் இருக்குது," என்றாள் நர்ஸ். "வெயில்ல ஓடுற உடம்பு. தண்ணி நெறையாக் குடிக்கச் சொல்லுங்க."

இவ்வளவுதானா என்று அவருக்கு உயிர் வந்தது. மறுநாளே வண்டியில் கேன் தண்ணீரைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். பையன்கள் முட்டிமோதிக் குடித்தார்கள். தேவி உதட்டை நனைத்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

ராஜ்மோகனுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. தண்ணீர் அவர் வீட்டுத் தண்ணீர். அவள் காலனிப் பெண்.

"தேவி, இங்க ஊரு, காலனின்னு ஒண்ணும் கெடையாது. எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான். தைரியமா குடி."

"அய்ய, அதெல்லாம் இல்ல சார். குடிச்சிட்டு ஓடுனா வயிறு குலுங்குது. வூட்டுக்குப் போயி குடிச்சிக்கிறேன்."

அவர் வற்புறுத்தவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்ட நிறைவு அவருக்கு.

தேர்வு பாண்டியில் நடந்தது. இருட்டோடு போய் வரிசையில் நின்றார்கள். சான்றிதழ் பார்த்து, உயரம் அளந்து, ஓட விடுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தேவிதான் முன்னால் ஓடினாள். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கால் பின்னிக்கொண்டு விழுந்தாள். தவழ்ந்துபோய்க் கோட்டைத் தொட்டபோது நேரம் முடிந்திருந்தது.

அவளுடைய சைக்கிள் மனையில் நின்றது. ராஜ்மோகன் தன் வண்டியில் கூட்டிவந்து இறக்கிவிட்டார். அவர் ஒரு மனைக்கல்லின்மேல் உட்கார்ந்து செல்போனில் எதையோ தட்டினார்.

"குரூப்ல போட்டுட்டேன்மா. அடுத்த பேட்ச்சுக்குப் பசங்க மட்டும்தான்."

தேவி நிமிர்ந்து பார்த்தாள்.

"உம்மேல கோவம் இல்ல. பொம்பளப் புள்ளைங்க உடம்பு இதத் தாங்கல, அவ்ளோதான். ஸ்டெல்லா போச்சு, சரண்யா போச்சு, இப்ப நீ. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

அவள் சைக்கிள் பூட்டைத் திறந்தாள். அவர் எழுந்து அவள் பக்கம் வந்தார்.

"என் பொண்ணுக்குக்கூட இவ்ளோ பாத்ததில்ல. முட்ட குடுத்தேன், மாத்தர குடுத்தேன். தண்ணிகூட சொமந்துனு வந்தேன், அதக்கூட நீ குடிக்கல. நான் இன்னாம்மா கொற வச்சேன்? சொல்லு."

தேவி சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தள்ளினாள். அன்றுதான் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"குடிச்சா, ஒதுங்கறதுக்கு எங்க சார் போறது?"