கரடிக்குட்டியும் கடைசி எபிசோடும்

“முடியாதுன்னா முடியாது!” என்றாள் டோன்யா எர்சிலியா, கம்பிக் கதவைத் திறக்காமலே.

கரண்ட் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. சாண்டோ டொமிங்கோவில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. ஆனால் எங்கள் தெருவில் ஜெனரேட்டர் இருப்பது அவள் ஒருத்தி வீட்டில்தான்.

“ஒரே ஒரு ஒயர், டோன்யா. ஒரு மணி நேரம்,” என் கூட்டாளி வில்கின் கெஞ்சினான். “நாளைக்கு விடிஞ்சா எனக்கு ஃப்ளைட். நியூயார்க் போயிடுவேன்.”

“போயிட்டு வா, கடவுள் காப்பாத்தட்டும். இன்னிக்கு அஞ்சு மணிக்கு என் நாடகம் கடைசி எபிசோட். எட்டு மாசமா பார்க்கிறேன். உனக்கு ஒயர் கொடுத்தா தெருவே ஒயரோட வந்து நிக்கும். போடா!”

விஷயம் இதுதான். ரொன்கோ என்று ஒரு கரடிக்குட்டி. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது டிவியில் வந்த கார்ட்டூன். அம்மாக் கரடியை சர்க்கஸ்காரன் பிடித்துக்கொண்டு போகிறான், குட்டி தேடிக் கிளம்புகிறது. பாதியிலேயே அந்தச் சேனல் கார்ட்டூனை நிறுத்திவிட்டது. அம்மா கிடைத்தாளா என்று இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

பதில் இருப்பது அந்தக் கார்ட்டூனை வைத்துச் செய்த வீடியோ கேமில் மட்டும். ஏழு கட்டம். பலகைக்குப் பலகை தாவ வேண்டும். நடுவில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற வசதி கிடையாது. முள்ளம்பன்றியை ஜெயித்தோம், சர்க்கஸ் யானையை ஜெயித்தோம். ஒவ்வொரு தடவையும் ஆறாவது கட்டத்தில் கரண்ட் போய் முதல் பலகைக்கே வந்து நிற்போம். இரண்டு வருஷமாக இதே கதை.

வில்கினின் அம்மா நியூயார்க் போய் ஆறு வருஷம் ஆகிறது. முடிவைப் பார்க்காமல் விமானம் ஏற மாட்டேன் என்று அவன் ஒரே அடம்.

“யுடெல்கா, ஏதாவது பண்ணு,” என்றான் என்னிடம்.

பண்ணினேன். எனக்கு எல்லார் குரலும் வரும். பாதிரியார் குரலில் பேக்கரிக்காரருக்குப் பாவமன்னிப்பே கொடுத்திருக்கிறேன், பாவம், ரொட்டியில் எடை குறைத்ததாக அழுதார். அதனால் தெருமுனைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் தலையை விட்டு, வேனில் வாழைக்காய் விற்கிற ஃபேயோவின் ஸ்பீக்கர் குரலை எடுத்தேன்.

“வாழைக்கா...ய்! மலையிலேர்ந்து நேரா வந்த வாழைக்கா...ய்! ராணிகளே, ஓடி வாங்க!”

டோன்யா வாசலுக்கு ஓடி வந்தாள். “டேய் ஃபேயோ! போன வாரம் நீ கொடுத்தது கல்லு மாதிரி இருந்துச்சுடா!”

“காய் மேல தப்பு இல்ல ராணி! பல்லு செட்டு புதுசு, இன்னும் பழகல!”

“திருட்டுப் பயலே! வண்டியை இந்தப் பக்கம் கொண்டு வா, உன் பல்லை நான் கழட்டறேன்!”

அவள் வாசலில் நின்று கத்திய நேரத்தில் வில்கின் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்து, ஜெனரேட்டரில் எங்கள் ஒயரைச் செருகிவிட்டான். பக்கத்து வீடுதான் எங்கள் வீடு. வாளியைத் தூக்கிப் போட்டுவிட்டு நானும் ஓடினேன்.

டிவியைப் போட்டதும் ஜெனரேட்டர் தொண்டையில் முள் சிக்கியது மாதிரி முக்கியது. படம் சுருங்கி, விளிம்பெல்லாம் கறுத்தது.

“போச்சு!” என்றான் வில்கின்.

போகவில்லை. ஒரு நிமிஷத்தில் மோட்டார் சீராகிவிட்டது. நமக்கும் அதிர்ஷ்டம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மணி ஐந்து. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வழக்கமாக நாடகத்துக் கதாநாயகி அழுதால் எங்கள் வீட்டுத் தட்டு அதிரும்.

“நமக்குக் காதுல விழக்கூடாதுன்னு சத்தத்தைக் குறைச்சு வச்சிருக்கா பாரு,” என்றான் வில்கின். “நாடகத்துலகூடக் கஞ்சம்!”

நான் டோன்யா குரலில் “போடா!” என்றேன். சிரித்ததில் ஒரு உயிர் போயிற்று. ஆறாவது கட்டம் தாண்டியது. ஏழாவது கட்டத்தில் சர்க்கஸ் கூடாரத்தின் கதவு திறந்தது.

அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க மாட்டேன். வில்கின் மூக்கைச் சிந்தியது என் சட்டையில் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை அவனை டாக்ஸி ஏற்றிவிட்டு, திருட்டு ஒயரை எடுக்கப் பூனை மாதிரிப் போனேன். ஒயர் அழகாகச் சுருட்டி, டோன்யாவின் கம்பிக் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் அவளும் நின்றிருந்தாள்.

“ஃபேயோ என்னை ஒருநாளும் ராணின்னு கூப்பிட்டதில்லடி,” என்றாள். “அடுத்த தடவை சரியாப் பண்ணு.”

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள். “எர்சிலியா! கடைசில அவ யாரைக் கட்டிக்கிட்டா? இந்தத் தெருவுல நீ ஒருத்திதானே பார்த்திருப்பே, சொல்லேன்!”

“அதெல்லாம் சொன்னா சுவாரஸ்யம் போயிடும். போய் வேலையைப் பாரு!” என்று கத்திவிட்டு டோன்யா என் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது.

“ரெண்டு வருஷமா சுவருக்கு அந்தப் பக்கம் நீங்க போடற கூச்சலைக் கேட்டுட்டுத்தான் இருக்கேன். என்னடி முழிக்கிறே? அந்த மெஷின் ஒரு டிவியைத்தான் இழுக்கும். என் நாடகம்தான் போச்சு, அந்தக் குட்டியாவது அம்மாகிட்டப் போய்ச் சேர்ந்துச்சா, இல்லையா?”