கூடத்தின் வழியே ஒரு தெரு

ஊர் பெருகப் பெருகத் தெருக்கள் முட்டுச்சந்தாகின. கிழக்கு மனைப்பிரிவுக்கும் மேற்கு மனைப்பிரிவுக்கும் நடுவே மதில் எழுப்பினார்கள். அந்த மதிலில் மிஞ்சிய ஒரே இடைவெளி குணவதியின் வீடு. சுற்றிப் போனால் நாலு கிலோமீட்டர். அவள் பின்சுவரை இடித்து இன்னொரு வாசல் வைத்தாள். அன்றிலிருந்து டிவிக்கும் கட்டிலுக்கும் நடுவே சைக்கிள்கள் உருண்டன. குணவதி காலை மடக்கிக்கொண்டு சீரியல் பார்த்தாள்.

மேற்கு மனைப்பிரிவின் சங்கச் செயலாளர் சபாபதி மூன்று முறை வந்து கத்தினார். "கண்டவனும் எங்க பக்கம் வர்றான். வீட்டை வீடா வச்சிக்கம்மா."

"வழியை அடைச்சது நீங்க. எனக்கு எதுக்கு சார் புத்தி சொல்றீங்க?"

ஐப்பசியில் சபாபதியின் அப்பா இறந்தார். தன்னைத் தோளில்தான் தூக்கிப் போக வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. சுடுகாடு கிழக்கே இருந்தது. பாடை குணவதியின் வாசலில் வந்து நின்றது. அடுத்தவர் வீட்டுக்குள் யார் பிணத்தைக் கொண்டுபோவார்கள்? தீச்சட்டியோடு நின்ற சபாபதி தலையை நிமிர்த்தவில்லை.

குணவதி டிவியை அணைத்துவிட்டுக் கட்டிலைச் சுவரோரம் தள்ளினாள். "என்ன சார் யோசனை? வீடுன்னாத்தான் தீட்டு. இது தெரு. தூக்கிட்டு வாங்க."

பறையும் சங்கும் கூடத்தைக் கடந்து போயின. பக்கத்து வீட்டு லதா வாளித் தண்ணீரோடு ஓடி வந்தாள். "மொதல்ல வீட்டைக் கழுவுங்கக்கா."

"பொணம் போன தெருவை யாருடி கழுவுறா?"

ஒரு வாசலிலிருந்து மறு வாசல் வரை சாமந்தி இதழ்கள் சிதறிக் கிடந்தன. முதுகுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் மணி அடித்தது. குணவதி ஒதுங்கி வழி விட்டாள்.