காமாலைப் பத்தியம்

"எம்மா, எனக்கு மீன் குழம்பு வேணும்."

கதவு திறந்து கிடந்தது. அதற்காகவேதான் பூமாரி குரலைக் குறைக்கவில்லை.

கோகிலவாணி அடுப்பை விட்டு ஓடிவந்து கதவைச் சாத்தினாள். "ஏட்டி, கூறு கெட்டவளே. காமாலக்காரிக்கு மீன் கேக்குதான்னு கல்லி பூரா சிரிக்கவா?"

"எனக்குக் காமாலை இல்லல்லா."

"மைக் வச்சுச் சொல்லு."

இல்லைதான். ரத்தத்தில் இருந்தது ஹெபடைட்டிஸ் சி. முழுப் பேரும் கோகிலவாணியின் வாயில் நுழையவில்லை. கடைசி எழுத்து மட்டும் நுழைந்தது. "அந்தச் சீ" என்பாள், எதையோ மிதித்துவிட்டவள் போல.

வெளியே சொல்வதற்கு மஞ்சக்காமாலையை எடுத்துக்கொண்டாள். காமாலை யாருக்கும் வரும், போகும். அதைக் காரணம் காட்டி எந்த மாப்பிள்ளை வீடும் பின்வாங்காது. பூமாரிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை மாரீஸ்வரன் அடுத்த கல்லிக்காரன், இந்தச் சந்துக்கு அடுத்த சந்து.

ஆனால் பொய்க்கும் ஒரு பத்தியம் இருக்கிறது.

வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் லேபர் கேம்ப்பில் ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் பத்து வீட்டு மூக்குக்குத் தெரியும். காமாலைக்காரி வீட்டில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. அதனால் பூமாரிக்கு உப்பில்லாக் கஞ்சி, நீர் மோர், மறுபடி கஞ்சி. கண் மஞ்சளாக இல்லையே என்று யாரோ கேட்டுவிட்டதால் முகத்துக்கு அரைத்த மஞ்சள் வேறு. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவள் மஞ்சளாகத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

குடும்பத்தில் முதல் டிகிரி அவளுடையது. பி.எஸ்சி. படித்துவிட்டுக் காமாலை வேஷம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷைஸ்தா அவளைத் தராசில் ஏற்றினார். இறக்கினார். நம்பாமல் மறுபடி ஏற்றினார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

மாத்திரை தொடங்கினால் குமட்டல் வரலாம், தலைவலி வரலாம், எழுந்து நடக்கவே அலுப்பாக இருக்கலாம். வந்தால் தாங்குவதற்கு உடம்பில் ஏதாவது வேண்டாமா என்றார். முட்டை, மீன், பருப்பு, எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடு. தண்ணீர் குடி. நேரத்துக்குத் தூங்கு. பச்சிலைச் சாறு எதுவும் கூடாது. இப்படியே இளைத்துக்கொண்டு வந்தால் மாத்திரையைத் தள்ளித்தான் போட வேண்டும்.

அதன் பிறகு ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியோடு பூமாரி எழுந்து வந்துவிட்டாள்.

"டாக்டருக்கு என்ன," என்றாள் கோகிலவாணி. "அவளா பொண்ணக் கட்டிக் குடுக்கப் போறா? தள்ளிப் போட்டா போடட்டும். கல்யாணம் முடிஞ்சி மாத்திரையத் தின்னுக்கோ."

ஜன்னல் கட்டையில் டம்ளர் இருந்தது. கீழாநெல்லிச் சாறு. மாரீஸ்வரனின் அம்மா விஜயராணி தண்டவாளத்தோரம் தேடிப் பறித்து, அரைத்து, மோரில் கலக்கித் தினமும் கொண்டுவந்து வைக்கிறாள். 'மருமவ முகம் தெளியட்டும்' என்பாள். அந்த அன்புதான் பூமாரியின் தொண்டையில் இறங்க மறுத்தது.

அடுப்போரம் அம்மாவின் தட்டும் இருந்தது. அதிலும் அதே கஞ்சி. பால்குடி மறக்காத பிள்ளைக்கு நோவு என்றால் தாய் பத்தியம் இருப்பாள். கல்யாண வயதுப் பெண்ணுக்காக எவள் இருப்பாள்?

பூமாரிக்குக் கோபம் வந்த வழியே திரும்பப் பார்த்தது. அவள் அதைப் போகவிடவில்லை.

கோகிலவாணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பச்சை குத்திய இடம். மாரீஸ்வரன் என்று இருந்தது.

"இந்தக் கையிலதான குத்துனான், அந்தக் குர்லாக்காரன். வெளங்குவானா அவன்? தாலி ஏறுத வரைக்கும் வாயத் தொறந்துராத தாயி. தெரிஞ்சா மாரீஸ்வரன் ஓடிருவான்."

"ஓடட்டும். நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடட்டும்."

அம்மாவுக்கு விளங்கவில்லை.

பூமாரி சாற்றைப் பாத்திரம் கழுவும் மோரியில் கொட்டி டம்ளரைக் கழுவினாள். அதே தண்ணீரில் முகத்து மஞ்சளையும் கழுவினாள். கதவை அகலத் திறந்தாள்.

"வரும்போது பசிக்கும். மீன் வாங்கி வையி. உப்புப் போட்டு, ரெண்டு பேருக்கும்."

டம்ளரோடு மாரீஸ்வரன் வீட்டுப் பக்கம் கல்லியில் இறங்கினாள். எதிரே வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தாள்.

அம்மா பார்த்திருப்பது இந்த ஒரு கையைத்தான். மாரீஸ்வரனின் தோளில், சட்டைக்குள், விஜயராணிக்கும் தெரியாமல் இன்னொரு பச்சை இருக்கிறது. பூமாரி போனில் எழுதிக் காட்ட, அந்தக் குர்லா இந்திக்காரன் பார்த்துப் பார்த்துக் குத்தியது. துணைக்கால் ஒன்று விட்டுப்போய் 'பூமரி' என்று நிற்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத மாரீஸ்வரன் அதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அவள் கண்டுபிடித்து, அங்கேயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில், அதற்கு முன் கண்ணில் பட்டது மறந்தே போயிருந்தது. அவள் கையைத் துடைத்த துணியிலேயே ஊசியையும் துடைத்துக்கொண்டுதான் அந்த ஆள் அவன் தோள் பக்கம் திரும்பினான்.

அந்த ஊசி வேறு யாருக்குக் குத்தியது என்றுதான் டாக்டர் கேட்டிருந்தார்.