அடிக்கம்பளி

குதிரை ரீத்தாவைக் கடிக்க வந்தது.

மல்கோவா கடிக்கிற ஜாதியே இல்லை. மலைமேல் இந்த ஏரிக்கரையில் ஆறு வருஷமாகச் சவாரி சுமக்கிறது. எத்தனை குழந்தைகள் காதைப் பிடித்துத் திருகியிருக்கும், ஒருநாளும் பல்லைக் காட்டியதில்லை.

கையிலிருந்த சேணத்தை வேலிமேல் வைத்தாள். மல்கோவாவின் முதுகில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துவிட்டு, சேணத்துக்கு அடியில் போடும் அடிக்கம்பளியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

வரவில்லை.

கொஞ்சம் அழுத்தி இழுத்தாள்.

வந்தது. முடியோடு, தோலோடு வந்தது.

"அய்யே!"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் நாற்றம் தொண்டைவரை இறங்கிவிட்டது. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து கிடந்தது. நடுவில் மஞ்சளாக நீர் கோத்திருந்தது. அந்த இடத்திலிருந்து லேசாக ஆவி போனது. தரையில் புல் முழுக்க உறைபனி.

ஒன்பது நாள்.

கணக்கு அவளுக்குத் தெரியும். யோசனையே அவளுடையதுதானே!

மார்கழியில் இதுதான் தொல்லை. பகலெல்லாம் குதிரையின் வியர்வையைக் குடித்த கம்பளியைக் கொட்டகையில் காயப்போட்டால், விடியும்போது பலகை மாதிரி விறைத்துக் கிடக்கும். அதை முதுகில் போட்டால் மல்கோவா நடுங்கும். பார்க்கச் சகிக்காது. அதனால் கழற்றுவதையே விட்டுவிட்டாள். ஈரக் கம்பளி முதுகிலேயே கிடக்கட்டும், மேலே ஒரு சாக்கைப் போட்டுக் கட்டினால் குதிரைச் சூட்டில் அது உறையாது, குதிரைக்கும் போர்வையாச்சு.

பெரிய கண்டுபிடிப்பு.

மல்கோவாவையும் சேர்த்து ஆறு குதிரைக்குச் சொந்தக்காரர் ஞானதுரை அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னார், "ரீத்தா மூளையப் பாருங்கப்பா." அவளும் பல்லை இளித்துக்கொண்டு நின்றாள்.

தூ.

சேணம் மட்டும் ஒருநாளும் வெளியே கிடந்ததில்லை. அவள் வீட்டு அடுப்போரம் படுக்கும். அவளுடைய பழைய ஸ்வெட்டர்தான் அதற்குப் போர்வை. காலையில் அதன் மேல் வெந்நீர்ப் பையைக் கட்டிக் கொண்டுவருவாள். கீழ்நாட்டிலிருந்து சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்ததும் 'ஐயோ, ஜில்லுனு இருக்கே' என்று துள்ளுவார்களாம். அதற்காக ரோஸ் கலரில் பொசுபொசுவென்று ஒரு மெத்தை வேறு.

யாரோ ஒருவருடைய பின்பக்கம் குளிரக் கூடாது. அதற்கு இத்தனை பாடு. சேணத்துக்கு அடியில் இந்த முதுகு அழுகிக்கொண்டிருந்திருக்கிறது. தினமும் அதன் மேலேயே வைத்து வாரை இறுக்கியிருக்கிறாள், இந்தக் கையால்தான்.

ஞானதுரை டீ கிளாஸோடு வந்தார். பார்த்தார். மூக்கைச் சுளித்தார். உடனே திரும்பிச் சவாரிக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை. வரிசை படகுத்துறைவரை நின்றது.

"மஞ்சப்பொடிய அப்பி, புதுத்துணி போட்டுக் கட்டு. மேல மெத்தை இருக்குல்ல, ஏறுறவுகளுக்கு ஒண்ணும் தெரியாது."

"குதிரைக்குத் தெரியுமேண்ணே."

"அது பழகிக்கிரும்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சென்ட் பாட்டிலை எடுத்தார். சேணத்தின் மேல் இரண்டு தரம் அடித்தார். மல்லிகை. வெதுவெதுப்பான மெத்தையிலிருந்து அது குப்பென்று கிளம்பிச் சீழ் நாற்றத்தோடு கலந்தது.

இதற்கு வெறும் சீழே தேவலை என்றிருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு எச்சிலைத் துப்பினாள்.

நிமிர்ந்தபோது பார்த்தாள். அவளுடைய இன்னொரு கை அதுபாட்டுக்கு மஞ்சள்பொடி டப்பாவைத் திறந்து வைத்திருந்தது.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

டப்பாவைக் கீழே வைத்தாள். சேணத்தைத் தூக்கி ஞானதுரையின் மார்போடு சேர்த்துக் கொடுத்தாள். அவர் டீயைக் கொட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

"சூடாத்தான்ணே இருக்கு. நீங்களே வச்சுக்கங்க."

கயிற்றைப் பிடித்தாள்.

மாட்டாஸ்பத்திரிக்குக் கொட்டகைக்குப் பின்னால் குறுக்குவழி இருக்கிறது. ஒரு ஆள் கண்ணில் படாமல் போய்விடலாம்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தாள். வரிசைப் பக்கம்தான் அடித்தது.

வரிசை ஓரமாகவே மல்கோவாவை நடத்திப் போனாள். திறந்த முதுகோடு.

குரங்குக் குல்லாக்கள் திரும்பின. போட்டோவுக்குத் தூக்கிய செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. யாரோ குழந்தையின் கண்ணைப் பொத்தினார்கள். சால்வையை மூக்கோடு அழுத்திக்கொண்டு ஒரு அம்மாள் முன்னால் வந்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவி! எந்தப் பாவிங்க இப்படிப் பண்ணது?"

ரீத்தா நின்றாள். மல்கோவாவும் நின்றது.

பின்னால் வேலியோரம் ஞானதுரை சேணத்தை அணைத்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தாங்க."

அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போனாள்.

ரீத்தா கயிற்றை மெதுவாக இழுத்து, அவரும் கேட்கட்டும் என்று வரிசையில் அடுத்து நின்றவர் முன்னால் போய் நின்றாள்.